பதினொரு பேரும் ஆமாம் என்றார்கள்

பூச்சி மிஸ்ஸுக்கு அந்தப் பெயரை வைத்தது எந்த வருடத்துக் குழந்தை என்று எங்கள் பாலர் பள்ளியில் யாருக்கும் நினைவில்லை. வகுப்புக்குள் ஒரு வண்டு வந்துவிட்டால் போதும், பாட்டு பாதியில் நின்றுவிடும், கதையில் வந்த கரடி குகை வாசலிலேயே காத்துக் கிடக்கும். நான்கு வயதுக் குழந்தைகள் பதினொரு பேரும் அவரும் தரையில் குப்புறப் படுத்து, அந்த வண்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐம்பதை நெருங்கிய பெண்மணி அப்படிப் படுத்துக் கிடப்பதைப் பார்த்துப் புதிதாக வந்த ஒரு தபால்காரர் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

பூச்சியைத் தவிர உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றுக்கும் அவர் பயப்படுவார். வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒரு நாளில் ஐந்து தடவை பார்ப்பார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தலைகளை எண்ணுவார். வாய் பாடிக்கொண்டிருக்கும், விரல் தொடையில் ஒன்று, இரண்டு என்று தட்டிக்கொண்டிருக்கும். பதினொன்று வந்தால்தான் பாட்டில் சுருதி சேரும். "அக்கா, ஜன்னல் வழியா பறந்தா போயிடப் போகுதுங்க?" என்று நான் கிண்டல் செய்வேன். "பறக்க மாட்டாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்? போன வாரம் ஒருத்தன் ஏணியைக் கேட்டான்" என்பார், சிரிக்காமல்.

நான் அடுத்த அறை. ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பவள். எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. ஒன்பது வருடமாக அந்தக் கண்ணாடி வழியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே வருவதற்கு முன்னால் அவர் ஒரு லிஃப்ட் கம்பெனியில் தொலைபேசிப் புகார் பிரிவில் பத்து வருடம் இருந்தவர். அவர் கணவர் அதே கம்பெனியில் மெக்கானிக், இன்றும் அதே வேலைதான். யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்துவார்கள். மணி இவர் மேசையில் அடிக்கும். கணவர் போய்ச் சேரும்வரை இவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். "மாட்டிக்கிட்டவங்ககிட்ட பயமா இருக்கான்னு கேக்கவே கூடாது. இல்லாதவங்களுக்கும் வந்துடும். என்ன தெரியுது, என்ன சத்தம் கேக்குதுன்னு கேக்கணும். அவங்க சொல்லணும், நாம கேட்டுக்கணும்" என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் மாட்டிக்கொண்டது நான்கு வயதுக் குழந்தை ஒன்று, தன்னந்தனியாக. நாற்பது நிமிடம் ஆயிற்று. இவருக்கு ஈரக்குலையே நடுங்கியிருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தையோ குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆன்ட்டி, மெதுவாப் பேசுங்க. லிஃப்ட் தூங்குது. ரொம்ப நேரம் ஏறி இறங்குச்சுல்ல, களைச்சுப் போச்சு" என்றதாம். அழவே இல்லையாம். கதவு திறந்ததும் லிஃப்டின் சுவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு அம்மாவிடம் போயிற்றாம். மறு மாதம் இவர் வேலையை விட்டார். வீட்டில் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். இவர் பாலர் பள்ளிப் பயிற்சியில் சேர்ந்தார். அதற்கப்புறம் பதினாறு வருடம் இதே அறை.

அவரிடம் ஒரு நோட்டு இருக்கும். பிள்ளைகள் சொல்வதையெல்லாம் தேதி போட்டு அதில் எழுதி வைப்பார். மரம் ஆடுவதால்தான் காற்று வருகிறது. மேகத்துக்கு உயிர் இருக்கிறது, நடக்கிறதே. செடிக்கு இல்லை, சும்மாவே நிற்கிறது. நிலா என் பின்னால்தான் வருகிறது, அண்ணன் பின்னால் போகாது, அவன் அதைக் கூப்பிடுவதில்லை. இப்படிப் பக்கம் பக்கமாக. தப்பைத் தப்பு என்று சொல்லாமல் நோட்டில் எழுதி வைத்து என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும். இந்தப் பிள்ளைகள்தானே அடுத்த வருடம் என் தலையில் வந்து விடிவார்கள்?

ஒரு அப்பா சண்டைக்கே வந்துவிட்டார். "என் பையன் கல்லு வளரும்னு சொல்றான். நீங்க ஏன் இல்லைன்னு சொல்லல?" பூச்சி மிஸ் ஓரடி பின்வாங்கினார், ஆனால் பதில் பின்வாங்கவில்லை. "அதை எங்க பார்த்தேன்னு கேட்டேன் சார். ஆத்தோரமா சின்னக் கல்லு, அதைவிடப் பெரிசு, அதைவிடப் பெரிசுன்னு கிடந்துச்சாம். நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்களாம். அவன் ஏன் அப்படி நினைக்கிறான்னே தெரியாம நான் எதைத் திருத்த?" அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

அவர் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. சின்னக் குழந்தையிடம் ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கேட்கக் கூடாது. கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். உன் முகம் என்ன பதிலுக்குக் காத்திருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடும். இதை எனக்கு ஒரு நூறு தடவை சொல்லியிருப்பார். நானும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பேன்.

அந்த வியாழக்கிழமை அவர் தாமதமாகத்தான் வந்தார். முந்தைய இரவு கணவருக்கு அவசர வேலை. அவர் திரும்பி வரும்வரை இவர் தூங்கவில்லை. வீட்டில் போட வேண்டிய சர்க்கரை நோய் மாத்திரையைப் பஸ்ஸில்தான் போட்டிருக்கிறார். பத்து மாத்திரை அட்டை. திங்கட்கிழமை புதிதாகப் பிரித்தது. தினம் ஒன்று, நாலாவதை அன்று காலையில் போட்டாகிவிட்டது. மிச்சம் ஆறு. இறங்கும் அவசரத்தில் அட்டையைக் கைப்பையின் வெளிப்பக்க அறையில் செருகிவிட்டார்.

அந்த அறையில்தான் பூதக்கண்ணாடி இருக்கும். குழந்தைகள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் வைத்த வழக்கம். அதற்காகவே பையை அவர்கள் கைக்கு எட்டும் கொக்கியில் மாட்டுவார். வாசல் பூட்டை ஐந்து தடவை பார்க்கிறவர் இதை ஒரு தடவை கூட யோசிக்கவில்லை. நானும்தான்.

பதினொரு மணிக்கு டீ. அன்று போடுவது என் முறை. பூச்சி மிஸ் குடித்துவிட்டுக் கண்ணாடித் தடுப்பின் பக்கம் வந்து, "இன்னைக்கு என்னடி டீ இப்படிக் கசக்குது?" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. "சர்க்கரை இல்லாத டீ கசக்காம பாயசமாவா இருக்கும்?" என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் கோப்பையைச் சமையலறைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

என் வகுப்பு பன்னிரண்டரைக்கே விட்டுவிடும். அவர் குழந்தைகள் சாப்பிட்டுத் தூங்கி மூன்று மணிக்குத்தான் போவார்கள். ஒரு மணிக்கு நான் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்தார். கையில் மாத்திரை அட்டை. பத்துக் குழியும் கிழிந்து, காலியாக.

"கை கழுவுற இடத்துல, குப்பைக் கூடையில கிடந்துச்சு" என்றார். "காலைல ஆறு இருந்துச்சு. ஆறு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அட்டையைத் திருப்பி மாத்திரையின் பெயரைப் பார்த்தேன்.

அந்த மாத்திரையைப் பற்றி எனக்குத் தெரியும், என் மாமனாரும் அதைத்தான் போடுகிறார். பெரியவர்களுக்கே சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். பதினைந்து கிலோ உடம்புக்குள் அது ஒன்று போனால் என்ன ஆகும்? நான் அவரைத் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினேன்.

திரைச்சீலை இழுத்துவிடப்பட்டிருந்தது. பாய்கள் வரிசையாக விரித்திருந்தன. எங்கள் பள்ளியில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு படம் உண்டு. பாய், தம்ளர், பை மாட்டும் கொக்கி எல்லாவற்றிலும் அதே படம் ஒட்டியிருக்கும். எழுத்து தெரியாதவர்களுக்கு அதுதான் பெயர். லாரி, குடை, வாத்து என்றே நாங்களும் கூப்பிடுவோம். பதினொரு பேரும் பாய்களில் புரண்டுகொண்டிருந்தார்கள். சாப்பிட்ட களைப்பு. கண்கள் சொருகிக்கொண்டிருந்தன. தினம் பார்க்கிற காட்சிதான். அன்று அது தூக்கம்தானா என்று தெரியவில்லை.

பூச்சி மிஸ் அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"இதை யாராவது சாப்பிட்டீங்களா?"

ஒன்பது வருடத்தில் ஒரு முறை கூட அவர் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை. வாத்துதான் முதலில் கை தூக்கினாள். "ஆமா மிஸ்." உடனே அவள் பக்கத்தில் இருந்தவன். அப்புறம் எல்லாரும்.

"நானும் சாப்பிட்டேன்."

"எனக்கு ரெண்டு."

"எனக்கு நூறு!"

"எங்கப்பாவும் சாப்பிட்டாரு" என்றான் லாரி.

பதினொரு பேர். ஆறு மாத்திரை. பூச்சி மிஸ் அப்படியே ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பெரிய மிஸ்ஸின் அறைக்கு ஓடினேன். அவர்தான் பள்ளியை நடத்துகிறவர். எதற்கும் பதறாத மனுஷி, அன்று கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டார். டாக்டருக்குப் போன் செய்து என் காதருகே வைத்தார். டாக்டர் ஒரே மூச்சில் சொன்னார்: "யார் சாப்பிட்டதுன்னு தெரியலைன்னா எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. வேன் அனுப்பறேன், இருபது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் யாரையும் தூங்க விடாதீங்க. முழிச்சிருக்கிறவங்களுக்குச் சர்க்கரைத் தண்ணி குடுங்க. யாருக்காவது வேர்த்துக் கொட்டுதா, கை நடுங்குதா, பேச்சு குழறுதான்னு பார்த்துக்கிட்டே இருங்க. அதுல ஒண்ணு தெரிஞ்சாலும் உடனே கூப்பிடுங்க."

வியர்வை, நடுக்கம், பேச்சு. சமையலறையில் சர்க்கரையைக் கரைக்கும்போது அந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன். தட்டில் பன்னிரண்டு தம்ளர் வைக்கலாம். எண்ணிப் பார்க்கவெல்லாம் அப்போது மனம் எங்கே இருந்தது, பன்னிரண்டையும் நிரப்பினேன்.

திரைச்சீலைகளைத் திறந்துவிட்டேன். "எழுந்திருங்க, எழுந்திருங்க, இன்னைக்குத் தூக்கம் கிடையாது, பார்ட்டி!" என்று கத்தினேன். தினமும் தூங்கு, தூங்கு என்று உயிரை வாங்குகிறவர்கள் இன்று தூங்காதே என்கிறார்களே என்று அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். சர்க்கரைத் தண்ணியைக் கண்டதும் இன்னும் குஷி. ஒவ்வொருவர் நெற்றியையும் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் விளையாடிய குழந்தைகளின் நெற்றி எப்போதுதான் வேர்க்காமல் இருக்கிறது? ஒவ்வொருவரையும் கையை நீட்டச் சொன்னேன். நான்கு வயதுக் கை எப்போதுதான் ஆடாமல் நிற்கிறது? பேச்சு குழறுகிறதா என்று பார்த்தால், பாதிப் பேருக்கு ர-வே வராது.

எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன், பத்துதான். வாத்தைக் காணவில்லை.

அலமாரிக்குப் பின்னால் பாயைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கினேன். தலை பின்னால் சாய்ந்தது. கன்னத்தைத் தட்டினேன், அசைவில்லை. இன்னொரு தடவை கொஞ்சம் பலமாகவே தட்டினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு ஊரே கூடும்படி வீறிட்டாள். ஒரு குழந்தையின் அழுகை அவ்வளவு இனிமையாக என் காதில் அதற்கு முன்னால் விழுந்ததில்லை. போன உயிர் திரும்பி வந்தது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தம்ளரைக் கொடுத்தேன். குடித்துவிட்டு "இன்னும்" என்றாள்.

பூச்சி மிஸ் இன்னும் அதே குட்டி நாற்காலியில்தான் இருந்தார். முகம் வெளுத்திருந்தது. கழுத்தில் வியர்வை வழிந்தது. கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டே துடைக்காமல் இருந்தார். லாரியைப் பார்த்து, "குடை, இங்க வா" என்றார். அவன் சிரித்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. பயந்தாங்கொள்ளி என்று தெரியும், ஆனால் இந்த நேரத்திலா?

"அக்கா, இப்ப நீங்க வேற மயங்கி விழுந்து வைக்காதீங்க. பதினொண்ணே போதும் எனக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எங்கோ தூரத்தில் இருக்கும் ஒன்றைப் பார்ப்பதுபோல. பிறகு, "தப்பாக் கேட்டுட்டேன்" என்றார். "நான் தப்பாக் கேட்டுட்டேன்டி."

லாரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைப்பதுபோல் மெதுவாகக் கேட்டார். "இதுல இருந்ததெல்லாம்... இப்ப எங்க இருக்கு?"

"வயித்துல" என்றான் லாரி.

நான் வாத்தை இறுக்கிக்கொண்டேன்.

"யாரு வயித்துல?" என்றார் பூச்சி மிஸ்.

"பீன்ஸ் வயித்துல." இது கூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தான். "உடம்பு சரியில்லாத பீன்ஸுக்கு மட்டும்தான். நல்லா நிக்கிறதுக்கு எதுக்கு மாத்திரை?"

ஜன்னல் ஓரத்தில் பதினொரு காகிதக் கோப்பைகள். இரண்டு வாரத்துக்கு முன்னால் போட்ட பீன்ஸ் விதைகள் முளைத்து ஒரு சாண் வளர்ந்திருந்தன. வெயில் அதிகம் விழும் கோடியில் ஐந்து செடிகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. நான் வாத்தை இறக்கிவிட்டு ஓடினேன். முதல் கோப்பையில் விரலை விட்டேன். வேருக்குப் பக்கத்தில், ஊறிப்போய், இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மாத்திரை. இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதில் ஒன்று. நகத்துக்குள் எல்லாம் மண். நான் சத்தமாகவே அழுதுகொண்டிருந்தேன். நாலு. அஞ்சு.

பெரிய மிஸ்ஸின் அறைவரை கேட்கும்படி "கிடைச்சிடுச்சு!" என்று கத்தினேன். பெரிய மிஸ் ஓடிவந்து வாசலில் நின்றார். உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"அஞ்சு" என்றார் அவர். "ஆறுன்னீங்களே?"

மிச்சம் ஆறு கோப்பைகளையும் கவிழ்த்துக் கொட்டினேன். ஒவ்வொரு மண்கட்டியையும் உடைத்தேன். ஒன்றும் இல்லை. ஒரு மாத்திரை போதும். டாக்டர் சொல்லாவிட்டாலும் தெரியும், ஒன்றே போதும். திரும்பிப் பார்த்தேன். பதினொரு முகங்கள். இதில் எந்த முகம்?

"அக்கா, நீங்க கேளுங்க. உங்ககிட்டதான் சொல்லுவாங்க."

அவர் வாயைத் திறந்தார். விரல் தொடையில் தட்ட ஆரம்பித்தது. "ஒண்ணு... ரெண்டு... அஞ்சு... நாலு..." என்றார். நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதுவும் தப்பு. இனிமேல் அவர் கேட்கப் போவதில்லை என்று தெரிந்தது. பயம் மனுஷியை முழுதாக முழுங்கிவிட்டது என்று நினைத்தேன்.

நான்தான் கேட்க வேண்டும். குழந்தைகளின் முன்னால் மண்டியிட்டேன். "நீ சாப்பிட்டியா?" என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது. கடித்துக்கொண்டேன். அவர் இருந்தால் எப்படிக் கேட்பார்? லிஃப்டில் மாட்டிக்கொண்டவரிடம் எப்படிக் கேட்டார்? அவர்களுக்கு என்ன தெரிகிறதோ அதைக் கேட்க வேண்டும். இவர்களுக்கு என்ன தெரிந்தது? உடம்பு சரியில்லாததற்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால்?

"அஞ்சு பீன்ஸுக்கு உடம்பு சரியில்ல. சரி" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "வேற யாருக்கு உடம்பு சரியில்ல?"

பதினொரு பேரும் கையை நீட்டினார்கள். ஒருவர் பாக்கியில்லாமல், என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால்.

திரும்பினேன். குட்டி நாற்காலியில் பூச்சி மிஸ். தலை தொங்கியிருந்தது. சட்டை முழுக்க வியர்வை. மடியில் இருந்த கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. உதடு அசைந்தது, சொல் வரவில்லை. வியர்வை, நடுக்கம், பேச்சு. மூன்றையும் மந்திரம்போல் சொல்லிக்கொண்டு பதினொரு முகங்களில் தேடினேனே, பன்னிரண்டாவது முகத்தை நான் பார்க்கவே இல்லை.

"எப்படிடா குடுத்தீங்க?"

"டீல போட்டேன்" என்றாள் குடை. எப்போதும் மிஸ்ஸின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு திரிகிறவள். "காலைல மிஸ் மேசையில தலையைத் தொங்கப் போட்டுட்டாங்க. பீன்ஸ் மாதிரியே. பீன்ஸுக்கு வாய் மண்ணுக்குள்ள இருக்கு, அதான் மண்ணுல வச்சோம். மிஸ்ஸுக்கு வாய் மேல இருக்குல்ல?"

கசக்கிறது என்றாரே. பாயசமாவா இருக்கும் என்று கேட்டேனே, பாவி.

பஸ்ஸில் ஒன்று. பதினொரு மணிக்கு இன்னொன்று. மதியம் சாப்பிட்டாரா? அவர் டிபன் டப்பா அலமாரியின் மேல் மூடி திறக்காமல் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் என்று தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதைக் கண்ணாடி வழியே நானே பார்த்தேன்.

தட்டில் ஒரே ஒரு தம்ளர் மிச்சம் இருந்தது. எடுத்து அவர் வாயருகே வைத்தேன். பல்லில் தம்ளர் தடதடவென்று மோதியது. "அக்கா, முழுங்குங்க. அக்கா, என்னைப் பாருங்க. முழுங்குங்க." பாதி என் கையில் வழிந்தது, பாதி உள்ளே போயிற்று. பெரிய மிஸ் டாக்டரிடம் போனில் பேசிக்கொண்டே சமையலறைக்கு ஓடி, இன்னும் இரண்டு தம்ளர் கரைத்துக்கொண்டு வந்தார். வரும்போது தொட்டியிலிருந்த டீக் கோப்பையையும் எடுத்து வந்தார். அடியில் இளஞ்சிவப்பாக ஒரு கறை ஒட்டியிருந்தது. ஆறு.

நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய், இன்னொரு வாய் என்று புகட்டிக்கொண்டே இருந்தேன். குழந்தைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். யாரும் அழவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது எப்படிச் சத்தம் போடாமல் நிற்க வேண்டும் என்று அவர் பழக்கியிருந்தாரோ, அப்படியே நின்றார்கள். எனக்குத்தான் அடக்க முடியவில்லை. ஒன்பது வருடம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். காலையில் அவர் தலை சாய்ந்ததையும் பார்த்தேன். தூங்கி வழிகிறார் என்று நினைத்து என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். செடிக்கும் மனுஷிக்கும் வித்தியாசம் தெரியாத நான்கு வயதுகள் பார்த்தன, கவலைப்பட்டன, கையில் கிடைத்த மருந்தையும் கொடுத்தன. அந்த மருந்துதான் அவரைச் சாய்த்தது. இதில் நான் யாரைக் கோபித்துக்கொள்வது?

வேன் வந்தது. அதில் வந்த நர்ஸ் பதினொரு பேரின் விரலையும் குத்திப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் சரியாக இருக்கிறது என்றாள். பூச்சி மிஸ்ஸின் விரலையும் குத்திப் பார்த்தாள். "சீக்கிரம் ஏத்துங்க" என்றாள். "சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கு. ஆனா இந்த மாத்திரை சீக்கிரம் விடாது. மறுபடி இறங்கும். ராத்திரி முழுக்கப் பார்க்கணும்."

நானும் ஏறிக்கொண்டேன். அவரை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டேன். கண் பாதி திறந்திருந்தது. "எத்தனை பேர்?" என்றார். சர்க்கரைத் தண்ணி உள்ளே போன பிறகு அவர் முழுதாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"பதினொண்ணு அக்கா. எண்ணிட்டேன்."

"மறுபடி எண்ணு."

பெரிய மிஸ் குழந்தைகளை வாசல் கம்பிக் கதவுக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தியிருந்தார். நான் விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினேன், அவருக்குக் கேட்கும்படி சத்தமாக. பதினொன்று என்றதும்தான் அவர் தோள் தளர்ந்தது. தலை மெல்ல மார்பை நோக்கிச் சரிந்தது.

வேன் உறுமியது. குடை கம்பிகளுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு கத்தினாள்.

"மிஸ் நிமிர்ந்துட்டாங்களா?"

நான் என்ன சொல்வது? ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வி. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பத்துப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குக் கேட்டுவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது. முதலில் முகவாய் மேலே வந்தது, அப்புறம் கழுத்து, அப்புறம் முதுகு. ஜன்னல் வழியே அவர்கள் எல்லாருக்கும் தெரியும்படி நேராக உட்கார்ந்தார். கம்பிக்குப் பின்னால் பதினொரு பேரும் ஓவென்று கத்தினார்கள்.

தெரு முனை வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். வேன் திரும்பியது, கதவும் குழந்தைகளும் மறைந்தார்கள். தலை என் தோளில் வந்து விழுந்தது. நெற்றி மறுபடி ஈரமாகிக்கொண்டிருந்தது. நர்ஸ் நீட்டிய தம்ளரை வாங்கி, "அக்கா, இன்னொரு வாய்" என்றேன்.